பூஜை போட்ட சைக்கிளும் புக்கிட் பெருவாங் இறக்கமும்

மலாக்காவில் சைக்கிள் மிதிக்க நல்ல இடம் எது என்று கேட்பவர்களுக்கு நான் புக்கிட் பெருவாங் குன்றைத்தான் சொல்வேன். ஆனால் ஓர் எச்சரிக்கையோடுதான் சொல்வேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நான் பார்த்த காட்சி அப்படி.

என் அக்கா மல்லிகாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. உடம்பை அசைக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நடந்தால் முட்டி வலி. சைக்கிள் ஓட்டலாம் என்றதும் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "நீயும் வாங்கு சாந்தி. தனியா ஓட்டுனா தாமான்ல, நம்ம வீட்டு வரிசையில எல்லாரும் என்னையே பாப்பாங்க லா. ரெண்டு பேருன்னா பரவால்ல."

சனிக்கிழமை புக்கிட் காத்திலில் இருந்த வீட்டிலிருந்து பஸ் பிடித்துத் தெங்கேராவில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். விலையைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மலைச் சைக்கிள் நானூற்றைம்பது வெள்ளி! ரெண்டு சக்கரத்துக்கா இவ்வளவு? அக்காவின் கண்ணோ, முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்துத் தகதகவென்று நின்ற இன்னொன்றின் மேல். விலையும் குறைவு. தூக்கிப் பார்த்தேன், அரிசி மூட்டை கெட்டது போங்கள். மேட்டில் அதைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஸ்பிரிங்கை விட எடைதான் முக்கியம்.

கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, அவசரப்படுத்தவில்லை. "ச்சுபா டூலு, முதல்ல ஓட்டிப் பாரு" என்று இரண்டு சைக்கிள்களைப் பின்சந்தில் விட்டார். நாங்கள் பார்த்தது இதைத்தான்: சைக்கிளின் நடுக்குழாய்க்கு மேல் கால் பரப்பி நின்றால் நான்கு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்குக் குதிக்க முடியாது. பிரேக் பிடி விரலுக்கு எட்ட வேண்டும். அக்காவுக்குக் கை சின்னது, முதலில் எடுத்ததில் எட்டவேயில்லை, அதனால் வேறு மாற்றினோம். சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் இரண்டு பிரேக் கட்டைகளுக்கும் நடுவில் ஆடாமல் ஓட வேண்டும். அந்தக் காலத்து மலைச் சைக்கிளில் அந்தக் கட்டைகள் சக்கரத்தின் இரும்பு விளிம்பைக் கவ்வித்தான் வண்டியை நிறுத்தும். பிடித்துப் பார்த்தோம், இரண்டும் அட்டகாசமாக நின்றன. நானூற்றைம்பது வெள்ளி வண்டியே ஆளுக்கொன்று வாங்கிவிட்டோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். குன்றடிவாரத்துக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும், பெரும்பாலும் சமதளம். அக்கா ஓட்டிய ஓட்டத்துக்கு நான்தான் பின்னால் எட்டி மிதிக்க வேண்டியிருந்தது. கியர் மாற்றும்போது மட்டும் "முருகா, முருகா" என்று சத்தம் வரும்.

அடிவாரத்தில் மரத்தடியில் ஒரு முனீஸ்வரர் சன்னதி. புது வண்டிக்குப் பூஜை போடாமல் மலை ஏறுவதா? நம் ஆட்கள் பழைய வேனுக்கே போடுவார்கள்! அக்கா பையில் சந்தனம், குங்குமம், சூடம், விளக்குக்கு நல்லெண்ணெய் எல்லாம் கொண்டு வந்திருந்தாள், எலுமிச்சம்பழத்தை மட்டும் மறந்துவிட்டாள். நான் நடந்துபோய் எதிர்க்கடையில் வாங்கி வருவதற்குள் இரண்டு வண்டிகளும் கல்யாணப் பெண்ணைப் போல நின்றன. சக்கரத்தைச் சுற்றிலும் பொட்டு. பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டு, மேட்டில் தள்ளிக்கொண்டே ஏறினோம். வழியெல்லாம் ஏற்றம். பிரேக்கைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை.

மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டுபோன தண்ணீரைக் குடித்தோம். "நான் மூத்தவ, நான் முன்னால போறேன்" என்று அக்கா ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மெதுவாகவா? ஐயோ சாமி! பத்து அடி போனதும் வண்டி பறந்தது. நான் சைக்கிளில் ஏறித் துரத்தப்போன நேரம், கீழே இருந்து அக்காவின் குரல்: "ஏறாதடி! சாந்தி, ஏறாத! தள்ளிக்கிட்டு வா!" பயத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அக்கா அதட்டினால் கால் தானாக நின்றுவிடும். அவள் கத்திக்கொண்டே வளைவில் லோங்கான் சாக்கடையை ஒட்டிப் போய், ஓரத்து லாலான் புல்லுக்குள் வண்டியோடு பாய்ந்து மறைந்தாள்.

நான் தள்ளிக்கொண்டு ஓடினேன். அக்கா புல்லுக்குள் உட்கார்ந்திருந்தாள். முழங்கை உரசியிருந்தது, செருப்பு ஒன்றைக் காணோம், எலும்பு ஒன்றும் முறியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்தத் தவுக்கேய சும்மா விடமாட்டேன்! நானூத்தம்பது வெள்ளி வாங்கிக்கிட்டு ஓட்ட பிரேக்க குடுத்திருக்கான்!"

"அந்த ஆள ஏன் திட்டுற?" என்றாள் அக்கா. "இரும்புல குங்குமம் ஒட்டவே மாட்டேன்னுச்சு. விளக்குக்கு ஊத்துன நல்லெண்ணெயில மீதிய எடுத்து, குங்குமத்தக் கொழச்சு ரெண்டு பக்கமும் நல்லா தடவி வெச்சேன்."

"எந்த வண்டிக்கு?"

"ரெண்டுக்கும்தான்."

என் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக்கை இறுக்கினேன். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. என் விரலெல்லாம் செக்கச்செவேலென்று எண்ணெய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருவரும் வண்டிகளை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம். சவர்க்காரத் தண்ணீரில் விளிம்பைக் கழுவி, கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்த பிறகு பிரேக் பழையபடி பிடித்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், மேலே தண்ணீர் கிடைக்காது. இறங்குமுன் சமதளத்தில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பூஜை தாராளமாகப் போடுங்கள், பொட்டை ஹேண்டிலில் வையுங்கள். சக்கரத்து விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது.

அன்று சாயந்திரம் முழங்கைக்கு மருந்து போடும்போது அக்காவிடம் கேட்டேன், அந்த நேரத்தில் எல்லாரும் சாமியைத்தானே கூப்பிடுவார்கள் என்று.

"கூப்பிடலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றாள். "அப்பத்தான், நீ மேல வண்டியோட நிக்கிறது ஞாபகம் வந்துச்சு."