லாரியில் நான் ஊற்றிய எண்ணெய்

என் பழைய முதலாளி பொய் சொன்னார். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. அன்று நான் குடிக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தே, குடித்துவிட்டு லாரி ஓட்டினேன் என்று ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு முழுக்கச் சொன்னார்.

நடந்தது அறுபதுகளின் நடுவில், கோலார் தங்கவயலில். அப்போது நான் அவருடைய அரிசி மண்டிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் வெறும் லாரியோடு பங்காருபேட்டை போவேன். ரயிலில் வந்திறங்கிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்புவேன். கிளீனர் கிடையாது. நானும் லாரியும் மட்டும்தான்.

அது இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடிய லாரி. ராணுவம் வேண்டாம் என்று கழித்ததை யாரோ வாங்கி, அவரிடம் இன்னொருவர் வாங்கி, மூன்றாவது கையாக என் முதலாளியிடம் வந்தது. அதற்கு எந்த ஆயில் ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரிந்த அளவு அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த இஞ்சின். மெல்லிய ஆயில் ஊற்றினால் புகையாகப் போய்விடும். அதனால் கெட்டியானதைத்தான் ஊற்றுவேன். அழுக்கைக் கழுவி எடுக்கிற புது ரக ஆயில் வந்திருக்கிறது என்று ஒருவர் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். பல வருட அழுக்கு உள்ளே படிந்து கிடக்கிறது. அது ஒரேயடியாகக் கிளம்பினால் ஆயில் போகிற வழியையே அடைத்துவிடும். கியர் பெட்டி ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்வேன். இவ்வளவு தெரிந்த நான்தான் பிரேக் விஷயத்தில் முட்டாளாக இருந்தேன்.

அந்த லாரிக்கு எண்ணெயால் வேலை செய்யும் பிரேக். பெடலை மிதித்தால் குழாயில் இருக்கிற எண்ணெய் போய்ச் சக்கரத்தின் சிலிண்டரைத் தள்ளும். அந்த எண்ணெய் ஒழுகாமல் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன ரப்பர் கப்பு. அதற்கென்றே உள்ள பிரேக் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். லாரியில் பழைய ஆயில் கறுத்துக் குறைந்திருந்த சமயத்தில் பங்காருபேட்டையில் அது கிடைக்கவில்லை. பெங்களூரில் இருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள்.

முதலாளியின் மண்டிக்குப் பின்னால் நாலைந்து டின்கள் இருந்தன. சுரங்க ஸ்டோரில் உபரி சாமான் ஏலம் விட்டபோது எடுத்தது. ஷாஃப்ட் என்கிற ஆழக்குழியில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜை, அந்த இரும்புக் கூண்டை, நிறுத்துவதற்கு ஒரு பெரிய பிரேக் உண்டு. அதற்கு ஊற்றும் எண்ணெய் அது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் சுரங்கத்திலிருந்து வந்தது என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கதவின் கீல், துணி காயப்போடும் கம்பி, கட்டிலின் கால், எல்லாம் சுரங்கத்துச் சரக்காக இருந்தால்தான் உசத்தி. கடையில் வாங்கியது இரண்டாம்பட்சம். என் அப்பா முப்பது வருடம் கேஜில் இறங்கியவர். அவரும் அப்படித்தான் பேசுவார்.

இது லாரிக்கு ஆகுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே சொன்னார்: "உங்கப்பன் முப்பது வருசம் அந்த ஆயில நம்பித்தான் கீழ எறங்கினாரு. அம்மாம் பேரையும் புடிச்சு நிறுத்துன ஆயிலு, நம்ம வண்டிய நிறுத்தாதா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு அதை நிரப்பினேன். ஊற்றியது என் கைதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

முதல் இரண்டு நாள் பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆனது. சமதளத்தில் தள்ளினால்கூட லாரி நகர முரண்டியது. சக்கரத்தின் மேல் கைவைக்க முடியாத சூடு. மண்டியில் வந்து சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள், சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். முதலாளி அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களா, பிரேக்கு ரொம்ப நல்லா புடிக்குதாம். இத்த ஒரு கொறையா சொல்ற மொத டிரைவர் நம்மாளுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுநாள் லாரியை எடுத்தேன். என் தப்பு என்று நான் நினைப்பது எண்ணெய் ஊற்றியதை அல்ல, அந்தச் சிரிப்பைத்தான்.

மறுநாள் புதன்கிழமை. தங்கவயலிலேயே பாலகாட் பக்கம் ஒரு கடைக்குப் பத்து மூட்டை இறக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு சரிவில் இறங்கும்போது கருகுகிற வாடை வந்தது. பெடலை மிதித்தேன். ஒன்றுமே இல்லை, கால் நேரே தரையில் போய் இடித்தது. கை பிரேக்கை இழுத்தேன், கியரைக் குறைத்தேன். நிற்கவில்லை. காலை ஷிஃப்ட் விட்ட நேரம். சைக்கிளில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே இடது பக்கம் கிடந்த கல் குவியலில் லாரியை ஏற்றினேன். எல்லாரும் விலகினார்கள், ஒருவன் தவிர. அவனும் சைக்கிளும் லாரிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

அவன் யாரோ இல்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எனக்குப் பக்கத்து லைனில் வீடு. ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லாரி மோதிக் கிடந்த இடத்துக்கு முதலாளி வந்தார். என் முகத்துக்கு நேரே நின்று என்ன ஆயிற்று என்று கேட்டார். பிரேக் போய்விட்டது என்றேன். என் வாயில் சாராய வாடை இல்லை என்பது அந்த நிமிடமே அவருக்குத் தெரியும். அவ்வளவு பக்கத்தில் நின்றார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இன்னா பண்றது, எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் இவன்கிட்ட, குடிச்சிட்டு வண்டிய எடுக்காதேன்னு."

நான் குடிப்பேன். மறைக்கவில்லை. சம்பளச் சனிக்கிழமை குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவது ஊருக்கே தெரியும். அதனால் அவர் சொன்னதும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். போலீசும் அப்படியே எழுதியது. லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்குப் பிடுங்கி வைத்தார்கள், வேலை போனது. அதெல்லாம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் தாங்க முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். லைன் வீட்டில் நான் தனி ஆள். குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் திட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டு நான் திரும்பும்வரை சும்மா நிற்பார்கள். முடிவெட்டுகிற கடையில் என் முறை வந்தும் எனக்குப் பின்னால் வந்தவரைக் கூப்பிட்டார்கள். ஹோட்டலில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்போது லைன் முழுக்கக் கதவு திறக்கும், ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தது எனக்கு அடுத்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

லாரியைப் பங்காருபேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தார்கள். வேலை ஏதாவது கிடைக்குமா என்று அங்கே போனேன். அவர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். அதற்கு முன் என்னைப் பார்த்ததே இல்லை. நான்தான் அந்த டிரைவர் என்று சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். பிறகு சக்கரத்தின் சிலிண்டரிலிருந்து எடுத்த ரப்பர் கப்பை என் கையில் வைத்தார். அது ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரம் கிழிந்து இருந்தது.

அவர் சொன்னது இதுதான். பிரேக் ரப்பருக்கு விளக்கெண்ணெய் ஜாதி ஆயில்தான் ஆகும். பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும். உப்பினால் பிரேக் விடாது. விடாவிட்டால் சூடாகும். சூட்டில் உப்பின ரப்பர் கிழியும், அப்புறம் பெடலில் ஒன்றும் இருக்காது. கேஜ் பிரேக்கில் இந்த மாதிரி ரப்பரே இருக்காது, அதனால் அங்கே அது நல்ல எண்ணெய்தான். கையில் ஒன்றுமே இல்லை என்றால்கூட விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றி வீடு வந்து சேரலாம், இதை மட்டும் ஊற்றக்கூடாது என்றார்.

இரண்டு புது கப்பு எடுத்து, ஒன்றை நல்ல பிரேக் ஆயிலிலும் ஒன்றை லாரியிலிருந்து வடித்த சுரங்க எண்ணெயிலும் போட்டு இரண்டு பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார். நாலு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று போட்டபடியே இருந்தது. இன்னொன்று பெருத்துவிட்டது.

அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு முதலில் என் நண்பன் வீட்டுக்குத்தான் போனேன். கட்டிலில் படுத்திருந்தான். பாட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான்: "நீ குடிச்சிருந்தேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்டா. நானும் குடிக்கிறவன்தான். ஆயில் மேல பழி போடுறியே. அந்த ஆயில நம்பித்தான் நான் தெனமும் எறங்கி ஏறினேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எண்ணெய் ஊற்றின அன்று நானும் இதையேதான் நம்பினேன்.

அங்கிருந்து மண்டிக்குப் போனேன். பாட்டில்களை முதலாளியின் மேஜை மேல் வைத்தேன். அவர் இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு, இன்னாபா வேணும் உனக்கு என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் குடிக்கவில்லை என்று இங்கே இருப்பவர்களிடம் ஒரு தடவை சொல்லுங்கள், போதும் என்றேன்.

"லைசென்ஸ் வந்ததும் வேலைக்கு வா. பேச்சு வேணாம்."

நான் பாட்டிலைக்கூடக் கேட்டு வாங்காமல் வெளியே வந்தேன். அந்த வாரமே ஊரை விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் அதே லாரி நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பிறகு வந்த டிரைவர். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வண்டி எப்படி என்று கேட்டேன். அவர் முதலாளியைப் புகழ்ந்தார். "தங்கமான மனுசன்பா. ஒண்ணே ஒண்ணுலதான் கறாரு. வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிட்டாரு, பிரேக்குக்கு பெங்களூரு டப்பாதான், மைன் ஆயிலு சொட்டுகூட படக்கூடாதுன்னு. அந்த ஆக்சிடெண்ட் ஆன மறுவாரமே டின்ன எல்லாம் எடுத்துட்டாராம்."

நான் டீயை முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது வேறு ஊரில் வேறு லாரி ஓட்டுகிறேன். எந்த டப்பாவையும் முகர்ந்து பார்க்காமல், விரலில் தொட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை. எண்ணெய் விஷயம் நன்றாகப் பாடமாகிவிட்டது. ஆனால் எண்ணெயைச் சோதிக்க இரண்டு பாட்டில் போதும், ஒரு மனிதனின் வார்த்தை உண்மை என்று காட்ட எதுவுமே போதவில்லை என்பதுதான் இத்தனை வருடமாக என்னை உட்காரவிடாமல் வைத்திருக்கிறது.

முதலாளி, இந்தப் பத்திரிகை உங்கள் மண்டிக்கு வரும், நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் செய்ததை எல்லார் முன்னாலும் எழுதிவிட்டேன். நான் குடித்ததால்தான் பிரேக் போனது என்றால், மறுவாரமே அந்த எண்ணெயை ஏன் மாற்றினீர்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். கால் போன அந்த மனிதன் காதில் விழும்படி, கடைத்தெருவில் நின்று பதில் சொல்லுங்கள்.