பிஸ்கட் டப்பாவில் போட்ட ஐந்து பெயர்கள்

பெர்சிஸ் டீச்சரின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். ஆய்க்குடியில் நடக்க முடியாத பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லத்தில் பத்தொன்பது வருடம் பார்த்த வேலையை விட்டு அப்போது நின்றிருந்தேன். நோயாளியைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் காப்பது எல்லாம் முறையாகப் படித்தவள். தென்காசியில் டீச்சர் வீட்டுக்குக் காலை ஏழரைக்குப் போவேன்; அவள் பள்ளி விட்டு வந்து, அம்மாவை இருவருமாகத் துடைத்துவிட்ட பிறகு கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய்வர வேண்டுமே என்று அரைநாள். ஆறு வருடமாக அப்படித்தான். அந்த ஆறு வருடத்தில் பார்த்ததையும் அவள் வாயால் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

டீச்சருக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளியில் கணக்குப் பாடம். அவளிடம் பச்சை அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு உண்டு. முதல் பக்கத்தில் ‘கிறிஸ்தவக் கல்வி என்றால் என்ன?’ என்று எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த வருடம் பயிற்சிக் கூட்டத்தில் கேட்ட கேள்வி அது. மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனார்கள். இவள் இருபத்தெட்டு வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் பதில், பிள்ளைகளை ஒழுக்கத்தில் வளர்ப்பது. அந்த வருடம் மூன்று பிரம்பு ஒடிந்ததாம். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத ஒரு பையனை ஒரு மாதம் அடித்திருக்கிறாள். அவனுக்குக் கண் தெரியவில்லை என்று கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது. ‘அடிக்கும் முன் விசாரிக்க வேண்டும்’ என்று எழுதி, பிரம்பை அடுப்பில் வைத்துவிட்டாள். பல வருடம் கழித்து இன்னொன்று: ‘காலையில் வசனம் சொல்லிக்கொடுப்பதால் இது கிறிஸ்தவப் பள்ளி ஆகிவிடாது. பிறகு ஏழு பீரியடும் நான் பிள்ளைகளை எப்படி நடத்துகிறேன் என்பதில் இருக்கிறது.’ கடைசியாக எழுதியது: ‘ஒவ்வொரு பிள்ளையும் தேவசாயல். கணக்கு வராத பிள்ளையும் முழுப் பிள்ளை. கழித்துவிட எனக்கு உரிமை இல்லை.’

சும்மா எழுதவில்லை, அப்படியே நடந்தாள். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வருடப்பிறப்பு ஆராதனையில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வீட்டுக்கு ஒன்று எடுப்பார்கள் அல்லவா, அதேபோல இவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அட்டைகளைப் போட்டு மேசையில் வைத்திருப்பாள். பிறந்தநாள் வருகிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். ‘இது கடவுள் உனக்குச் சொல்லுதது’ என்று வாசித்துக் காட்டுவாள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் ஆசையாக எடுக்கும்.

இசக்கிமணி என்ற பெண் ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒன்றை எடுத்தது. தாய் மாடத்தி குற்றாலம் ஐந்தருவியில் சீசன் நேரத்தில் கடை போடுகிறவள். மகள் எடுத்த அட்டையில், உன்னைக் கைவிடமாட்டேன் என்கிற மாதிரி ஒரு வாக்கு. அதைப் பென்சில் பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டது. டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்காரும் பிள்ளைகளில் அதுவும் ஒன்று. அம்மாவைத் துடைக்க எனக்கு வெந்நீர் எடுத்துத் தரும். கணக்கு மட்டும் ஏறாது.

அதற்கு முந்தின வருடம் பத்தாம் வகுப்பில் மூன்று பேர் தவறிவிட, பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி கிடைக்காமல் போயிற்று. ஏப்ரலில் தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டார். அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பேர் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரை இழுத்துப் பிடிக்கலாம், மூன்று பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும், எந்த மூன்று என்று டீச்சரே சொல்ல வேண்டும் என்றார். இது பல இடத்தில் நடப்பதுதான். பள்ளி வெளியே அனுப்பியதாக இருக்காது. குடும்பச் சூழ்நிலையால் ஊர் மாறுகிறோம், டி.சி. தாருங்கள் என்று பெற்றோரே கேட்டதாக ஒரு கடிதம் இருக்கும்.

டீச்சர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்தவள் பிஸ்கட் டப்பாவை எடுத்து அட்டைகளை மேசையில் கொட்டினாள். ஐந்து துண்டுத்தாளில் ஐந்து பெயரை எழுதி மடித்துப் போட்டாள். நான் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“என்ன செய்யுதீய?”

“சீட்டுப் போடப்போறேன் அக்கா. வேதத்துலயே சீட்டுப் போட்டிருக்காங்க. எனக்கு அஞ்சும் ஒண்ணுதான். நான் எப்படிக் கழிப்பேன்? ஆண்டவரே சொல்லட்டும்.”

“யாருக்கு முதுகுல புண்ணு வந்திருக்கோ அவங்களத்தான் முதல்ல புரட்டணும். அதுக்கு நாங்க சீட்டுப் போடுததில்ல.”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“கிண்டல் இல்ல டீச்சர். கழிக்கக்கூடாதுன்னா கழிக்காதீய.”

“தாளாளர்ட்ட அதை யாரு சொல்லது?”

நான் அம்மாவின் வாய் துடைக்கத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்று சீட்டு எடுத்தாயிற்று. முதல் சீட்டு இசக்கிமணி.

மறுநாள் மாடத்தியைப் பள்ளிக்கு வரவழைத்தாள். மகளும் பக்கத்தில் நின்றது. டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. இசக்கிமணியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஜெபம் பண்ணி அந்தப் பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டேன், கடவுள் சித்தம் இப்படி வந்தது, அவளுக்கு வேறு நல்ல வழி வைத்திருப்பார் என்று சொல்லியிருக்கிறாள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். கடிதத்தையும் அவளே எழுதினாள். மாடத்தி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனாள்.

மே மாதம் ஆசிரியர் தியானக் கூட்டம். டீச்சரின் நோட்டைப் பற்றித் தெரிந்த யாரோ அதை வாசிக்கச் சொல்ல, கடைசிப் பக்கத்தை வாசித்தாள். தாளாளர் முன்வரிசையில் இருந்தாராம். “எல்லாரையும்விட அவருதான் ரொம்ப நேரம் கைதட்டினார் அக்கா” என்றாள். அன்றைக்கு வந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஜூனில் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது. இசக்கிமணி எந்தப் பள்ளியிலும் சேரவில்லை, கடையில் நிற்கிறது என்று அருவிக்குப் போய்வந்த ஒரு டீச்சர் சொன்னாள். பெர்சிஸ் முதலில் தாளாளரிடம்தான் போனாள். அவர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். “அவங்களா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. எழுத்து உங்க எழுத்து மாதிரில்லா இருக்கு டீச்சர்” என்று சிரித்தாராம். பிறகு ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, பத்தாம் வகுப்பில் இடம் வாங்கினாள். தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல் முடிவதற்குள் பெண் வந்து சேர்ந்தால் போதும் என்றார் அவர்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு இருவரும் ஐந்தருவிக்குப் போனோம். சாரல். ஈரத்துணியோடு கூட்டம். இசக்கிமணி நேந்திரங்காய் சிப்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தது. மின்சாரத் தராசு, கணக்குப் போடும் வேலை அதற்கு இல்லை.

மாடத்தி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். “வாங்க டீச்சர். பேராச்சியக்கா, நீங்களுமா? அருவியில குளிக்கலியா?”

டீச்சர் சேர்க்கைப் படிவத்தை நீட்டினாள். மாடத்தி தொடவில்லை.

“நான் சொல்லிப் பார்த்தாச்சு டீச்சர். போகமாட்டேங்கா. நீங்க கேளுங்க.”

“ஏட்டி இசக்கி, பள்ளிக்கூடம் வாசல்லயே பஸ் நிக்கும். கணக்கை நான் பாத்துக்கிடுதேன்.”

“வேண்டாம் டீச்சர்.”

“ஏம்ட்டி?”

“சாமியே வேண்டாம்னு சொல்லியாச்சு. பொறவு எங்க போனாலும் பெயிலுதான ஆவேன்?”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கேட்ட சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னது.

டீச்சர் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது சாமி சொன்னதில்லட்டி. தாளாளரை எதுத்துப் பேச எனக்குப் பயம். யாரையாவது அனுப்பணும். அந்தப் பழியை நான் சாமி மேல போட்டுட்டேன். சீட்டுல எந்தப் பேரும் வரும். அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.”

அந்தப் பெண் மற்றக் கையால் சிந்திய சிப்ஸைத் தட்டில் தள்ளியது.

“அப்போ பொறந்தநாளுக்கு எடுத்தேன்லா, அதுவும் சாமி சொன்னதில்லியா? அதே டப்பாதான?”

இரண்டு பேர் வந்து அரைக் கிலோ கேட்டார்கள். இசக்கிமணி கையை விடுவித்துக்கொண்டு நிறுக்கப் போனது.

“நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய டீச்சர்,” என்றாள் மாடத்தி. “நீங்க தன்மையாப் பேசுனதாலதான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன். வேற யாராவதுன்னா சண்டை போட்டிருப்பேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்; சாரல் உள்ளே அடித்தது. படிவம் அவள் மடியில் நனைந்து கிழிந்துபோயிற்று. பிறகும் இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்தாள். பட்டியல் முடிந்தது. அதில் அந்தப் பெயர் இல்லை.

அடுத்த ஏப்ரலில் தாளாளர் மறுபடியும் பெயர் கேட்டார். இந்தத் தடவை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் சத்தம் போடவில்லை. இவளை ஆறாம் வகுப்புக்கு மாற்றிவிட்டு அந்த வகுப்பை வேறொருவரிடம் கொடுத்தார். புதியவர் நான்கு பெயர் கொடுத்தார். பள்ளி நூறு சதவீதம் வாங்கியது. நான்கு கடிதங்களிலும் ஊர் மாறுகிறோம் என்றுதான் எழுதியிருந்ததாம். ஒருவரும் ஊர் மாறவில்லை.

பச்சை நோட்டில் அவள் பிறகு எதுவும் எழுதவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்தநாளன்று டப்பாவைக் கேட்டபோது மிட்டாய் கொடுத்தாள். ஒருநாள் டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, “வச்சுக்கிடுங்க அக்கா” என்றாள். நான் வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். அவள் அம்மாவின் இடுப்பில் எவ்வளவு பார்த்தும் ஒரு புண் வந்துவிட்டது. அதற்குப் போடுகிற பஞ்சும் துணியும் இப்போது அந்த டப்பாவில்தான் இருக்கின்றன.