மூன்றாம் கியருக்கு முன்னால்

அந்த இன்ஜினைக் கெடுத்தது பிரபா அக்காவின் கை அல்ல. நான்! கெடுத்ததோடு நிற்கவும் இல்லை. அவள் கைதான் கெடுத்தது என்று அவளையே நம்ப வைத்தேன்.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன்? நீ யாரோ. உன் முகம்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ...

எண்ணம் முதலில் பிறந்த கணம் இன்னும் கண்முன் நிற்கிறது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கீழே போய் வேலை பார்க்க மனமில்லாமல் ஏற்காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜ். அதன் முதலாளி ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் ஷெட்டில் போட்டுவைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அங்கே கிடந்தது. லாட்ஜில் ஜீப் ஓட்டுகிறவள் பிரபா அக்கா. பேட்டரி இறங்கிவிடாமல் காலையில் அந்தக் காரை ஸ்டார்ட் செய்து வைப்பதும் அவள் வேலைதான். பனிமூட்டம் படிந்த ஒரு காலையில், ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"கேளு கண்ணு... சிங்கத்தப் புடிச்சுக் கோழிக்கூண்டுல அடைச்சாப்புல கத்துது!"

அவ்வளவுதான். எனக்குள் பற்றிக்கொண்டது. டிராக் ரேஸ்! நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் நேர்கோட்டை யார் முதலில் கடக்கிறார் என்கிற பந்தயம். வளைவுகளைத் தவிர வேறொன்றும் இல்லாத மலையில் நின்றுகொண்டு நாங்கள் இருவரும் நேர்கோட்டைக் கனவு கண்டோம். சிரிக்கிறாயா? சிரித்துக்கொள். இன்ஜினைப் பற்றிப் பேச இந்த மலையில் எனக்கு வாய்த்தது அவள் ஒருத்திதான்.

முதலாளியும் சம்மதித்தார். "வண்டியத் தம்பி பண்ணட்டும், பிரபா ஓட்டட்டும். மொதப் பந்தயத்துல நல்லா ஓட்டிட்டா அப்புறம் எல்லாப் பந்தயத்துக்கும் நீதாம்மா" என்றார். ஜீப்பில் விருந்தினர்களை ஏற்றி இறக்கியே வயது கழிந்துவிடும் என்றிருந்தவளுக்கு அந்தச் சொல் என்னவாக இருந்திருக்கும்! அன்று முழுவதும் அவள் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏற்காட்டை அடுத்த வாழவந்தியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில் வேலை தொடங்கியது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றினேன். சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினேன். இன்ஜினை இயக்கும் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து நானே கட்டளையிடக்கூடிய புதியதைப் பொருத்தினேன். எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி... எல்லாம் என் விரல் நுனியில்! கர்வம் வராதா, சொல்.

ஓட்டிப் பழக எங்களுக்குக் கிடைத்தது எஸ்டேட்டில் காபிக்கொட்டை உலர்த்தும் களம். அப்பா அங்கே கணக்கெழுதும் ரைட்டர். பருவம் முடிந்து காலியாகக் கிடந்த களத்தில் ஓட்ட அவரே அனுமதி வாங்கித் தந்தார். அவரே வந்து கத்தவும் செய்தார்.

"ஏனுங்க மெக்கானிக்கு! காப்பில ரப்பர் நாத்தம் அடிக்குதுன்னு வாங்கறவன் கேட்டா, நீங்க வந்து குடிச்சுக் காட்டுவீங்களா?"

"நான் குடிக்கறனுங்கண்ணா!" என்று காருக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுப்பாள்.

களம் சிறியது. முதல் கியர், இரண்டாம் கியர், உடனே பிரேக். மூன்றாம் கியர் போட அங்கே இடமே இல்லை. இதை மறந்துவிடாதே.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மலைக்காற்று மெலிந்தது, கீழே இறங்க இறங்க அது கனக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் சிலிண்டருக்குள் சூடு எல்லை மீறி, பிஸ்டனே உருகிவிடும். காற்றின் அழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. எங்களுடையது ஏறுமாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. புதிது வந்து சேரச் சில நாட்கள் ஆகும். பொறுத்திருக்கலாம்... நானா? பொறுமையா? சென்சாரை அணைத்தேன். ஏற்காட்டுக் காற்றின் அளவை நிரந்தரமாக எழுதி வைத்தேன். கீழே போனதும் மாற்றிக்கொண்டால் போயிற்று!

பந்தயம் சமவெளியில், கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் நடந்தது. வெயில் கொளுத்தியது. எங்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மற்ற வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். "மலைல இருந்தா வர்றீங்க தம்பி? சத்தமே தனியா இருக்குதுங்க!" என்றார் ஒருவர். "சென்சார் எல்லாம் பக்காவா வச்சிருக்கீங்களா?" என்றார் இன்னொருவர்.

"எல்லாமே இருக்குதுங்க" என்றேன்.

சொன்ன கணத்திலேயே நினைவு வந்தது. ஆம், நினைவு வந்தது! மறந்துவிட்டேன் என்று உன்னிடமாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன். லேப்டாப் என் தோளில்தான் தொங்கியது. திறந்திருந்தால் போதும். ஆனால் திறந்தால் அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பார்கள். அணைத்து வைத்த சென்சார் திரையில் தெரியும். சில நொடி ஓட்டம்தானே, என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பச்சை விளக்கு எரிந்தது. கார் பாய்ந்தது. இரண்டாம் கியர்வரை பக்கத்துக் கார் பின்னால்தான் இருந்தது! களத்தில் பழகவே முடியாத மூன்றாம் கியரை அவள் போட்ட இடத்தில் படாரென்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. ஓரமாக நின்றுபோன காரை நோக்கி ஓடினேன். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"மூணுக்குப் பதிலா ஒண்ணுல போயிருச்சா கண்ணு? அந்த வேகத்துல ஒண்ணு வுழுந்தா வால்வு வளஞ்சிருமே..."

நான் பானெட்டைத் திறக்கப் போனேன். அருகில் வந்துவிட்ட முதலாளிதான் பேசினார். "செரி பிரபா. நீ ஜீப்போடவே இருந்துக்க."

மறுநாள் ஷெட்டில் தனியாக இன்ஜினைப் பிரித்தேன். ஒரு வால்வும் வளையவில்லை. மூன்றாவது பிஸ்டனின் தலையில் மட்டும் உருகி விழுந்த ஓட்டை. அதன் ஸ்பார்க் பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் வெந்த இன்ஜின்... சந்தேகத்துக்கே இடமில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. பிஸ்டனைக் கந்தல் துணிக்குள் தள்ளினேன்.

"வால்வு வளஞ்சிருக்குதா கண்ணு?"

"ஆமாங்க்கா."

அவள் அழவில்லை. என் தோளைத் தட்டினாள். "நொம்பப் பாடுபட்டுப் பண்ணின சாமி நீ. நான் கெடுத்துப்புட்டேன். மன்னிச்சுக்கோ."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! கேட்டுக்கொண்டு நின்றேனே... என்ன பிறவி நான்?

அவள் லாட்ஜை விட்டுப் போய்விட்டாள். இப்போது சேலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். சில வாரங்களுக்கு முன், உதிரிபாகம் வாங்கச் சேலம் போயிருந்த என்னைச் சாலையோரத்தில் பார்த்து நிறுத்தி, "ஏறு கண்ணு, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றாள். பிள்ளைகளை இறக்கிவிட்ட காலி வேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கியர். இரண்டாவது. மூன்றாவது போடும் முன் அவள் கை லீவரின் மேல் ஒரு கணம் நின்றது. கண் கீழே இறங்கிச் சரிபார்த்தது. அதன் பிறகுதான் தள்ளினாள். போகும் வழியெல்லாம், ஒவ்வொரு முறையும்!

மலையில் ஜீப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு கியர் மாற்றியவள் அவள். அந்த ஒரு கணத் தயக்கத்தை அவள் கைக்குள் வைத்தவன் நான்.

முதலாளி இப்போது வேறு இன்ஜின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஓட்டுவதற்குக் கீழேயிருந்து ஒரு பையனைப் பிடித்திருக்கிறார். ஷெட்டில் நானும் பனியும் மட்டும். புதிய சென்சார் சரியாகச் சொல்கிறது. இன்ஜின் அருமையாக உறுமுகிறது... "கேளு கண்ணு" என்று சொல்லத்தான் யாருமில்லை.

பிஸ்டனை எடுத்துக்கொண்டு பலமுறை பைக்கில் கிளம்பியிருக்கிறேன். மலையடிவாரத்துக் குப்பனூர்வரை இறங்குவேன், டீ குடிப்பேன், திரும்பிவிடுவேன். காட்டினால் அவளுக்குப் புரிந்துவிடும். உருகியது எது, வளைந்தது எது என்று பிரித்தறியத் தெரிந்தவள். பிறகு ஒன்றே ஒன்று கேட்பாள், அன்னிக்கே ஏன் சொல்லலே என்று. அந்தக் கேள்வி மனதில் வந்ததும்தான் குப்பனூரில் பைக் திரும்பும். முதலாளியிடமும் சொல்ல வேண்டும்; ஆனால் அவளிடம்தான் முதலில்.

நாளைக் காலை மறுபடி இறங்குகிறேன். பிஸ்டனைப் பையில் வைத்தாயிற்று. பைக் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் போகிறேன்... குப்பனூரில் நான் நினைத்தாலும் அதைத் திருப்ப முடியாது.