பழுதாகாத என்ஜின்

அடுக்களையிலிருந்து 'டணார்' என்று ஒரு சத்தம். பாத்திரம் விழவில்லை, போடப்பட்டது. இருபது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

"அக்காவுக்கே பொறுக்கல, பாருங்க மாமா," என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மைத்துனன். அவன் துணை விமானி. "அடுத்த மாசம் கேப்டன் தேர்வு. 'தயார்'னு நீங்க கையெழுத்துப் போடலைன்னா என்னை உள்ளேயே விட மாட்டாங்க. ரிப்போர்ட்டை மாத்தி எழுதுங்க."

"நீ தயாரா இருந்தா எழுதியிருப்பேன்."

"பொறாமை மாமா உங்களுக்கு."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வருடம் வானத்தில் பறந்தவர் அவர். காதுக்குள் வந்த கோளாறு தலைசுற்றலில் கொண்டுபோய் விட்டது. உரிமம் போயிற்று. அன்று முதல், தரையிலேயே விமானிகளைப் பழக்கிச் சோதிக்கும் சிமுலேட்டர்தான் அவருக்கு விமானம். ஜன்னலுக்குப் பதில் திரை, இரும்புக் கால்கள்மேல் ஆடும் விமானி அறை. விமானிகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பொத்தானைத் தட்டி மூடுபனியை வரவழைப்பார், என்ஜினில் தீ வைப்பார். அவருக்குத் 'தரை கேப்டன்' என்று பெயர் வைத்ததே இந்த மைத்துனன்தான்.

"தரையில உட்கார்ந்துக்கிட்டு, பறக்கறவன் காலை வாரறீங்க."

"காலைப் பத்தி நீயே எடுத்துட்டே. நல்லதாப் போச்சு. நேத்து சிமுலேட்டர் ரன்வேயில உன் வலது கால் என்ன பண்ணுச்சு?"

மைத்துனன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"இடது என்ஜின் செத்தா விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது பெடலை மிதிச்சு நேராக்கணும். சரி. ஆனா நான் எதையும் சாகடிக்கலையே? ரெண்டு என்ஜினும் கல்லு மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ பாட்டுக்கு மிதிச்சு, விமானத்தைப் புல்லுக்குள்ள விட்டே."

"ஏதோ ஒரு தடவை..."

"முந்தாநாள் சாயங்காலம் இதே மேசையில உட்கார்ந்து, மறுநாள் உனக்கு வைக்கிற சோதனைக்கு 'இடது என்ஜின் பழுது'ன்னு எழுதி வெச்சேன். நேத்துக் காலையில உன் முகத்துல இருந்த தெம்பைப் பார்த்ததும் அதை அடிச்சுட்டேன். அந்தத் தாளை உனக்கு யாரு படிச்சுக் காட்டினது?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

மைத்துனனின் முகம் கறுத்தது. "அக்காதான். அவ பேச்சை நம்பினேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு காரியம் உருப்படியா செய்யத் துப்பில்ல அவளுக்கு."

அவள் ஈரக் கையோடு அடுக்களை வாசற்படியில் நின்றிருந்தாள். தம்பிக்காகக் காலையிலிருந்து கணவனோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

"நாளைக்கு நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போவே. அப்ப எது பழுதாகும்னு யாருடா உனக்கு முன்கூட்டிச் சொல்றது? நானா?"

"அக்கா..."

"எந்திரி."

அவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். கண்களில் நீர் நிறைந்திருந்தது, ஆனால் குரலில் ஈரம் இல்லை.

"உங்களையும் நான் மன்னிக்கல. கட்டினவளுக்கே பொறி வெச்சுட்டீங்க இல்ல?"

அவர் மேசைமேல் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்தார். 'தயாராகவில்லை' என்று எழுதியிருந்ததன் கீழே கையெழுத்துப் போட்டார். மைத்துனன் அதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினான்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட கையை எடுக்காமல், கதவைப் பார்த்தபடியே நின்றாள்.