அழுதால் நடிப்பு

ஒன்பது வயதில் தாயை இழந்த ஹெப்ரானை வளர்த்தவள் அக்கா தேவமணி. கங்கைகொண்டான் ஆலையில் வேலை போனபின் அவன் வண்ணார்பேட்டை உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடந்தான். பெண் அழுதால் அது நடிப்பு என்பதுதான் அங்கே மாஸ்டர் நடத்திய தினப்பாடம்.

மனைவி டார்லினின் கையை அவன் முறித்தபோது அவள் அலறினாள். "என்னமா நடிக்கா!" என்று சிரித்தான்.

தேவமணி நேராகக் கூடத்துக்குப் போனாள். "ஏம்வே, எம்பிள்ளைக்கு என்னத்தவே படிச்சுக் கொடுத்தீரு?"

மாஸ்டர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏலே ஹெப்ரான், ஒங்க அக்கா வந்திருக்கா. இப்பம் அழுவா பாரு."

ஹெப்ரான் அதற்கும் சிரித்தான்.

"அழமாட்டம்லே, நாசமாப் போறவனே" என்றாள் தேவமணி.

திங்கட்கிழமை காலை, மகளிர் காவல் நிலையத்தில், தம்பிக்கும் மாஸ்டருக்கும் எதிரான புகாரில் முதல் சாட்சியாக அவள் கையெழுத்திடுகிறாள்.