மத்தியானம் மட்டும் விழுந்த பிரேக்கர்

ராஜபாளையத்தில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடை கவுண்டரில் பல வருஷமாக நிற்கிறேன். பிரேக்கர், சுவிட்ச், பிளக் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். பிரேக்கர் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை. அதில் ஸ்க்ரூ பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா, வீட்டு மாடியில் தகர ஷெட் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். இரண்டு மிஷின், ஒரு ஏர்கூலர், புதிதாக வாங்கிய பெரிய ஸ்டீம் அயர்ன் பாக்ஸ், எல்லாம் ஒரே பத்து ஆம்ப் பிரேக்கரில். போன வருஷம் ஆனி மாதம் அது தினமும் மூன்று மணிவாக்கில் விழுந்து கரண்டை நிறுத்த ஆரம்பித்தது.

“ஏலே, இதே சாமான்லாம் காலைல ஓடும்போது விழமாட்டேங்கு. மத்தியானம் மட்டும் விழுது. அதுக்கும் வெக்க தாங்கலையோ என்னமோ” என்றாள்.

நான் சிரித்தேன். “எக்கா, அதுக்கு என்ன வேர்க்கவா செய்யும்? பழசாயிட்டு. மாத்திருவோம்.”

ஆடிப்பூரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. அவளுக்கு அந்த அவசரம். எனக்குக் கடைக்குத் திரும்பும் அவசரம். பத்தைக் கழற்றிவிட்டு இருபது ஆம்ப் பிரேக்கரை மாட்டினேன். பைப்புக்குள் ஓடிய மெல்லிய வயரையும், அயர்ன் பாக்ஸைச் சொருகியிருந்த ஆறு ஆம்ப் பிளக் பாயிண்டையும் தொடவேயில்லை. அன்று மூன்று மணிக்கு எதுவும் விழவில்லை. அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த பிளக் பாயிண்ட் உருகியது. புகையைப் பார்த்துப் பதறிப்போய் அக்கா பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். உருகிய பிளாஸ்டிக் வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒட்டிக்கொண்டது. பிரேக்கர் கடைசிவரை விழவேயில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று கேட்டார்கள். “நாந்தான், ஒரே பாயிண்ட்ல என்னத்தையெல்லாமோ சொருகிட்டேன்” என்றாள். மச்சான் அவளைத் திட்டினார். பிரேக்கரை மாற்றியவன் நான் என்பதைப் பக்கத்தில் நின்றும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் பிரேக்கர் டப்பாவிலிருந்த அந்தத் தாளைப் படித்தேன். பிரேக்கரின் மேல் போட்டிருக்கும் எண் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குத்தான் பொருந்துமாம். சுற்றிலும் வெப்பம் ஏற ஏற, அதைவிடக் குறைந்த கரண்டிலேயே விழுந்துவிடும். வயரும் சூட்டில் அவ்வளவு தாங்காது. அந்தப் பழைய பிரேக்கரில் பழுதே இல்லை; வயரைக் காப்பாற்றத்தான் விழுந்திருக்கிறது. அக்கா சொன்னதுதான் அங்கே அட்டவணையாகப் போட்டிருந்தது. எவ்வளவு பெரிய மடையன் நான்!

வயர், பாயிண்ட் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மிஷின்கள் ஓடுகின்றன. அந்த இரண்டு விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் ஊசியையும் நூலையும் நீட்டுகிறாள்.

“செத்த கோத்துக் குடுலே. கண்ணு தெரியமாட்டேங்கு.”

அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மச்சான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அப்படிச் சொல்கிறாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கோத்துக் கொடுக்கிறேன்.