தொப்பியைக் கழற்றிய நால்வர்

வேலை செய்யும் இடத்துக்கு என் பெயரைக் கேட்டு ஆள் வந்தால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. அதனால், என்னைத் தேடி நாலு ஆண்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று பிஸ்கட் பக்டரி சூப்பர்வைசர் வந்து சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் மனிசன் விடிய வெள்ளன ட்ரக் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெளியே கொட்டோ கொட்டென்று பனி. ஒரு கிழமையாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவருடைய தங்கச்சியை எங்கள் மல்வேர்ன் வீட்டில் கொண்டுவந்து இருத்துவதா என்ற சண்டை. நான் விட்டுக்கொடுக்கவில்லை; அவர் வாயே திறக்கவில்லை. அன்றைக்குக் கட்டிவைத்த சாப்பாட்டையும் மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கிடக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

வாசலில் ஒரேமாதிரிக் கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு வெள்ளைக்காரர். பொலிஸா, ஆஸ்பத்திரியா, ஒன்றும் விளங்கவில்லை. மூத்தவர் என் பெயரைச் சொல்லி நீங்கள்தானா என்று கேட்டார். தலையாட்டினேன். உடனே நாலு பேரும் ஒன்றாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள்.

ஐயோ கடவுளே. என் கை தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டது. இனி நான் யாரோடு சண்டை பிடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கக்கேடு.

ஒருவர் சின்னக் குழல் ஒன்றை வாயில் வைத்துச் சுருதி ஊதினார். நாலு பேரும் பாடத் தொடங்கினார்கள். வாத்தியம் இல்லை, வெறும் குரல்கள். இழவு சொல்ல வந்தவர்கள் பாடுகிறார்களே என்று விறைத்துப்போய் நின்றேன். என்னோடு பெட்டி அடுக்குகிற பெண் கைதட்டிச் சிரித்து, காதலர் தினத்துக்கு உன் மனிசன் ஆள் பிடித்து அனுப்பிய பார்பர்ஷொப் குவார்ட்டெட் இது என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. முடிவெட்டும் கடைக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தமோ, நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

அவர்கள் போனதும் என் மனிசனுக்குப் போன் அடித்தேன்.

"பாட்டுக்காரர் வந்தவையோ? பிடிச்சதே?" சந்தோஷமாகக் கேட்டார்.

ஏசத்தான் போன் அடித்திருந்தேன்.

"கதையுங்கோ," என்றேன். "என்னோட எதையாவது கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது? டீசல் அடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அதைச் சொல்லுங்கோ."